அயிரைக்கு மணல் வேண்டும்

அயிரையைத் தூண்டிலில் கோத்து விராலைப் பிடிப்பது என்று தமிழில் ஒரு பேச்சு உண்டு. சிறியதைக் கொடுத்துப் பெரியதை வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியத்துக்குச் சொல்வது. இந்தப் பேச்சுக்கு வயது அதிகம். பழமொழி நானூறு தொகுக்கப்பட்ட காலத்திலேயே இது ஊரார் வாயில் புழங்கிய பழமொழி. அதாவது, அயிரை மலிவு, விரால் மதிப்பு என்பது அன்று யாருக்கும் விளக்க வேண்டாத செய்தி.

இன்று தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் எந்தச் சந்தையில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். விராலைவிட அயிரைதான் விலை கூடுதல். உயிர் அயிரை கிலோ ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது அபூர்வம். கிடைப்பதே அபூர்வம் என்றுகூடச் சொல்லலாம். கூடலூரில் மீன் விற்கும் ஒரு பெண்மணியிடம் நடந்த பேச்சு இது.

"என்னக்கா, அயிரை ஆத்துலயா பிடிச்சது?"

"ஆத்துல எங்கப்பா கெடக்கு? வெளியூர்க் கம்மாயிலருந்து வருது. வேணும்னா இப்பவே சொல்லு, ஞாயித்துக்கெழம கொண்டாறச் சொல்றேன்."

"சொல்லி வைக்கணுமா?"

"பின்ன? கட்லா, ஜிலேபின்னா வந்து வாங்கிக்கலாம். அயிரைக்குச் சொல்லித்தான் வைக்கணும்."

ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் கூடலூர். லோயர் கேம்பில் மலையிறங்கி வரும் பெரியாற்றுத் தண்ணீர் முதலில் தொடும் பெரிய ஊரும் இதுதான். இந்த ஊரில் அயிரைக்குச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி ஆனது என்று தேடிப் போனால் பதில் அந்த மீனின் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

'அயிர்' என்றால் நுண்மணல். சங்கப் பாடல்களில் புழங்கிய சொல். நிகண்டுகளும் அகராதிகளும் அதற்குக் கண்டசர்க்கரை என்று இன்னொரு பொருளும் தருகின்றன. வடமொழியில் பரல் மணலைக் குறித்த 'சர்க்கரா'தான் பிறகு இனிப்புக்கும் பெயரானது. மணல்போல் பொடிந்து உதிர்வது எல்லாம் பெயர் வைத்தவர்களின் கண்ணுக்கு ஒரே இனம். அயிரில் கிடப்பது அயிரை. சில ஊர்களில் அசரை என்பார்கள். இரண்டும் ஒன்றே. மலையாளத்தில் இதற்கு மணலாரோன் என்றொரு பெயர் இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மீனைப் பார்த்தவர்கள் மணலைச் சேர்த்தே பார்த்திருக்கிறார்கள்.

மீனைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெயர் வைத்தவரின் கண் எவ்வளவு கூர்மை என்பது புரியும். முழு வளர்ச்சி அடைந்ததே ஒரு விரல் நீளம் தேறாது. ஈர மணலின் நிறம். பக்கவாட்டில் கரும்புள்ளிகள். வாயைச் சுற்றிக் குட்டையான மீசைகள். கண்ணுக்குக் கீழே கவைபோல் பிரிந்த ஒரு சிறு முள், தொந்தரவு செய்தால் நிமிர்ந்து நிற்கும். செதில் இருப்பது விரலுக்கே தெரியாது. ஆழமில்லாத, தெளிந்து ஓடும் தண்ணீரில், அடியில் மணல் படிந்திருக்கும் இடத்தில் கிடக்கும். நிழல் பட்டால் போதும், தலையை முன்னால் குத்தி ஒரே நெளிவில் மணலுக்குள் போய்விடும். கண் மட்டும் வெளியே தெரியும். சில நேரம் அதுவும் தெரியாது. இரை எடுப்பதும் மணலில்தான். மணலை வாயில் அள்ளி, அதில் ஒட்டியிருக்கும் பாசியையும் புழுவையும் பூச்சியின் முட்டையையும் சலித்துக்கொண்டு, மீதியைச் செவுள் வழியாக வெளியே விடும்.

இந்தப் பழக்கம் எங்கள் பக்கத்து அடுப்படி வரைக்கும் வந்து நிற்கிறது. மற்ற மீனை அறுத்துக் குடலெடுத்துக் கழுவுவோம். அயிரையை அப்படிச் செய்ய முடியாது, முழுசாகத்தான் குழம்பில் போட வேண்டும். அதனால் அதன் வயிற்றில் இருக்கும் மண்ணை அதுவாகவே கக்க வைக்க வேண்டும். உயிரோடு வாங்கி வந்து நல்ல தண்ணீரில் விட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வைப்பார்கள். சில வீடுகளில் பால் கலந்து ஊற்றுவார்கள். பாலைக் குடித்து மண்ணைக் கக்கிவிடும் என்பது நம்பிக்கை. பிறகு கல் உப்பை அள்ளிப் போட்டுச் சட்டென்று தட்டைக் கொண்டு மூட வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் பாதி மீன் தரையில் கிடக்கும். உள்ளே சடசடவென்று மழை பெய்கிற சத்தம் கேட்டு அடங்கும். அடங்கிய பிறகு சொரசொரப்பான மண்சட்டியில் போட்டு உள்ளங்கையால் உரச வேண்டும். வழுவழுப்பு நுரையாகக் கிளம்பும். கழுவி, உரசி, மறுபடியும் கழுவி, தண்ணீர் தெளிவாக வருகிற வரைக்கும் விடக் கூடாது. கொதிக்கிற புளிக்குழம்பில், சின்ன வெங்காயமும் அரைத்த தேங்காயும் சேர்ந்த பிறகு, கடைசியில்தான் மீன் இறங்கும். கரண்டி போட்டுக் கிளறினால் குழைந்துவிடும். சட்டியைத் தூக்கி ஒரு சுழற்று சுழற்றி இறக்கிவிட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் சாப்பிடும்போது பல்லில் நறநறவென்று ஒரு துகள் மாட்டினால், உரசியவருக்குப் பேச்சு விழும். பல்லில் மாட்டியது அயிர்தான்.

சங்கப் புலவர்கள் இந்த மீனை நிறையப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தது பெரும்பாலும் பறவையின் அலகில். புறநானூற்றின் 67-ஆம் பாட்டில் பிசிராந்தையார், குமரித் துறையில் அயிரையை உண்டுவிட்டு வடக்கே பறக்கும் அன்னத்திடம், வழியில் உறையூரில் கோப்பெருஞ்சோழனைப் பார்த்து என் பெயரைச் சொல் என்கிறார். குறுந்தொகை 128-இல் பரணர் காட்டுவது சிறகு தளர்ந்த ஒரு கிழட்டு நாரையை. கீழைக்கடல் ஓரத்தில் நின்றுகொண்டு, மேலைக்கடலில் சேரனின் தொண்டித் துறையில் இருக்கும் அயிரைக்கு ஏங்கித் தலையைத் தூக்கிப் பார்க்கிறது அது. கிடைக்காத பெண்ணுக்கு ஏங்கும் மனசுக்குச் சொன்ன உவமை. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் பகுதியில் சிறுவெண்காக்கை கழியோரம் அயிரை தின்கிறது.

அந்த வரிசையில் எங்கள் மனம் நிற்கிற பாட்டு குறுந்தொகை 166. கடலலை மோதிப் பெயர்க்க, வெண்சிறகு நாரைக் கூட்டம் இடம் மாறிப் போய் அயிரை உண்ணும் மரந்தை என்ற ஊர் நல்ல ஊர்தான், ஆனால் தனியாகத் தங்க நேர்ந்தால் வெறிச்சென்று இருக்கிறது என்பது அதன் கருத்து. பாடியவர் கூடலூர் கிழார். மோர்க்குழம்பு வைத்த கையைச் சேலையில் துடைத்துக்கொள்ளும் இளம் மனைவியை 167-ஆம் பாட்டில் எழுதியவரும் அவரே. சேர மன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை தொகுப்பிக்க, ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். கூடலூர் என்ற பெயரில் தமிழ்நாட்டிலும் மலைக்கு அப்பாலும் பல ஊர்கள் இருப்பதால் அவர் எந்தக் கூடலூர்க்காரர் என்பதில் அறிஞர்களிடையே ஒரு முடிவு இல்லை. சேர நாட்டுக்கு மலையேறும் வழியில், கண்ணகி கோயில் இருக்கும் மலைக்கு அடிவாரத்தில் இருக்கும் எங்கள் கூடலூர்க்காரர்கள் அவரைத் தங்களவர் என்கிறார்கள். அந்த உரிமையை நான் மறுக்க மாட்டேன். அயிரையின் பெயரை இலக்கியத்தில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் பெயரோடு இந்த ஊர்ப்பெயர் சேர்ந்திருக்கிறது என்பதே எங்களுக்குப் பெருமை.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்தப் பாட்டுகளில் வரும் துறைகள் எல்லாம் கடற்கரையும் கழிமுகமும். இன்று நாம் அயிரை என்று சொல்வது நன்னீர் மீன். ஆகவே அன்று அந்தப் பெயர் மணலில் கிடக்கும் சிறு மீன்களுக்குப் பொதுவாக இருந்து, பிறகு ஆற்றிலும் வயலிலும் இருக்கும் இந்த ஒரு மீனுக்கு நிலைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மீன் மாறியிருந்தாலும் மணல் மாறவில்லை.

அறிவியல் இந்த மீனுக்கு வைத்த பெயர் வேறு வழியில் வந்தது. 1846-இல் பாரிசில் இருந்த அஷீல் வாலென்சியென், தன் ஆசிரியர் குவியேயுடன் தொடங்கிய மீன்களின் வரலாற்று நூலில் இதற்குக் கோபிடிஸ் தெர்மாலிஸ் என்று பெயரிட்டார். இன்று லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ். தெர்மாலிஸ் என்றால் வெந்நீருக்கு உரியது. குளிர்ந்த ஓடையில் கிடக்கும் அயிரைக்கு வெந்நீர் எங்கிருந்து வந்தது? அவர் விவரித்த மீன் ஈழத்தில், திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியாய் வெந்நீரூற்றுப் பகுதியிலிருந்து போனது. இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று கதை சொல்லப்படும் அந்த ஏழு கிணறுகள்தான். ஓரிடத்தில் ஒரு தடவை பிடிபட்டதை வைத்து எழுதிய பெயர் உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது. மீன் எங்கே வாழும், எது இல்லாவிட்டால் வாழாது என்பதைச் சொல்வது தமிழ்ப் பெயர்தான்.

இனி ஆற்றுக்கு வருவோம். 1895-க்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் ஓடிய சுருளியாறும் வைரவனாறும் மலையில் மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணலாகக் கிடக்கும். அந்த ஆண்டு அக்டோபரில் பொறியாளர் பென்னிகுக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே கடலுக்குப் போன தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே விழுந்தது. கூடலூரில் தொடங்கிப் பள்ளத்தாக்கு நெடுக 14,707 ஏக்கரில் இருபோக நெல் என்பது அதற்குப் பிறகு வந்த கணக்கு. சனவரி 15-ஆம் தேதி பென்னிகுக் பிறந்த நாளுக்கு இங்கே பொங்கல் வைக்கிறோம் என்றால் அது வெறும் மரியாதைக்கு இல்லை, வயிறு நிறைந்த நன்றி. அந்தத் தண்ணீரால் நெல் விரிந்தது. நெல்லோடு அயிரையும் விரிந்தது. வருடத்தில் பெரும்பகுதி ஓடும் ஆறு, மணலடியோடு வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை, மடையிலிருந்து வயல், மிச்சத் தண்ணீர் வடிந்து மறுபடியும் ஆறு. அயிரை ஏறி இறங்க வேண்டிய பாதை முழுவதும் அறுபடாமல் இருந்தது.

அன்று மீன் பிடிப்பது தனித் தொழில் இல்லை. வயல் வேலையின் ஒரு பக்கம். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்து வாய்க்காலில் புதுத்தண்ணி வந்ததும் மீன் எதிரேறும். மடைவாயில் பறி வைப்பார்கள். மூங்கில் சிம்பில் பின்னிய நீளக் கூம்பு அது. வாய் அகலம், வால் ஒடுக்கம், உள்ளே நுழைகிற இடத்தில் உட்பக்கம் மடங்கிய நாக்குபோல் இன்னொரு சிறு கூம்பு. தண்ணீரோடு உள்ளே போகிற மீன் திரும்பி வர வழியில்லை. இரவு வைத்துவிட்டு விடிகாலையில் தூக்கினால் அயிரை, குரவை, ஆரால், கெண்டைக் குஞ்சு, நண்டு என்று குவிந்திருக்கும். சில நாள் தண்ணீர்ப்பாம்பும் இருக்கும். அதனால் கையை விடுவதற்கு முன் தட்டிப் பார்ப்பது வழக்கம். சின்னப் பிள்ளைகளுக்குப் பறி தேவைப்படவில்லை. முழங்கால் தண்ணீரில் இரண்டு பேர் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது ஆள் காலால் மணலைக் கலக்கி விரட்டுவான். பெண்கள் கூடையில் மணலோடு அள்ளி அலசுவார்கள். மணல் இறங்க இறங்க மேலே அயிரை துள்ளும். விற்றால் கூறு கட்டித்தான் விற்பார்கள், நிறுத்துப் பார்க்கிற பொருளாக அதை யாரும் நினைக்கவில்லை. விராலுக்குத் தூண்டிலில் போட ஒரு கை அயிரையை எடுத்துக்கொண்டு போனால் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அயிரைக்கு விழுந்த முதல் அடி மருந்து. 1966-க்குப் பிறகு ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகங்கள் வந்தன. அவற்றோடு உரமும் பூச்சி மருந்தும் வந்தன. எண்டிரின் என்ற பெயரை அந்தத் தலைமுறை விவசாயி யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூச்சியைவிட மீனுக்கு அது கொடியது. மீன் பிடிக்கவே அதை ஆற்றில் கலந்தவர்களும் உண்டு. 1990-இல் இந்தியாவில் அது தடை செய்யப்பட்டது. அதற்குள் வயலில் தூவும் குருணை மருந்து பழக்கமாகிவிட்டது. விரால் தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு வேறு இடம் போகும். அயிரை ஆபத்து என்றால் மணலுக்குள்தான் போகும். மருந்து படிவதும் அங்கேதான்.

இரண்டாவது, குளங்களில் நடந்தது. 1957-இல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி ஊசி போட்டுக் கெண்டை மீன்களை இனப்பெருக்கம் செய்ய வைத்தார். நாட்டுக்கு அது மிகப் பெரிய சாதனை. கங்கைச் சமவெளியின் கட்லாவும் ரோகுவும் மிர்காலும் தெற்கே ஒவ்வொரு குளத்துக்கும் வந்தன. 1952-இல் வந்த திலாப்பியா ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்தது. வளர்ப்பு முறையில் குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் இருக்கிற நாட்டு மீனை ஒழிக்க வேண்டும். ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்தப் பாடத்தில் அயிரை போன்ற சிறு மீன்களுக்கு வைத்திருக்கும் பெயர் களை மீன். சங்கப் புலவர் பெயர் சொல்லிப் பாடிய மீனைக் களை என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டோம். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. கட்லா வளர்க்க வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஏழைக்கு மலிவாக மீன் கிடைத்தது அதனால்தான். ஆனால் குத்தகைக் குளத்தைச் சுத்தம் செய்வதோடு நில்லாமல் வரத்துக் கால்வாய் வரை புண்ணாக்கைக் கரைத்துவிடுவதற்கு எந்தப் பாடத்திலும் அனுமதி இல்லை.

திலாப்பியாவின் பெயர்க் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் சுவானா மொழியில் மீன் என்பதற்கு வழங்கும் சொல்லை ஒட்டி 1840-இல் ஆண்ட்ரூ ஸ்மித் அமைத்த பெயர் அது. நம்மூர் வாயில் அது ஜிலேபியாகிவிட்டது. இன்று கூடலூர்ப் பிள்ளைகளிடம் ஆற்றுமீன் பெயர் சொல்லச் சொன்னால் முதலில் வருவது அதுதான். ஆரால், உளுவை, குரவை என்ற பெயர்களைக் கேட்டால் தாத்தாவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஜிலேபியின் பெயரில் அது எங்கே வாழும், எதைத் தின்னும் என்பதற்கு ஒரு துப்பும் கிடையாது. கெட்ட தண்ணீரிலும் பிழைக்கும் மீனுக்கு அது தேவையும் இல்லை.

மூன்றாவது அடிதான் பெரிய அடி. அது மணலில் விழுந்தது. கட்டுமானம் பெருகப் பெருக ஆற்று மணல் விலைபோகும் பொருளானது. மாட்டு வண்டியில் தொடங்கி லாரி வரை வந்து நின்றது. மணல் போன இடத்தில் பாறையும் களிமண்ணும் மிஞ்சின. கரையோர ஊர்களின் சாக்கடை அதன்மேல் கறுப்புச் சேறாகப் படிகிறது, அதன்மேல் ஆகாயத்தாமரை. இந்தச் சேற்றில் கெளுத்தி பிழைக்கும், ஜிலேபி கொழுக்கும். அயிரை தலையைக் குத்த அங்கே இடமில்லை. வாய்க்கால்களுக்குத் தரையும் கரையுமாகச் சிமெண்ட் பூசுகிறோம். கடைமடைக்குத் தண்ணீர் சேதாரம் இல்லாமல் போக வேண்டும் என்ற விவசாயியின் கோரிக்கை நியாயமானது. ஆனால் சிமெண்ட் தரையில் மணல் தங்காது, மீனும் தங்காது. வயல்களும் குறைகின்றன. நெல் இருந்த இடத்தில் சில பக்கம் தென்னை, சில பக்கம் வாழை, சில பக்கம் வீட்டுமனைக் கல். பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய பள்ளத்தாக்கு இது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் திராட்சைத் தோட்டத்தில் தண்ணீர் நிற்காது, சொட்டு நீரில் அயிரைக்கு வேலை இல்லை.

ஆறு ஓடும் விதமும் மாறிவிட்டது. லோயர் கேம்ப் மின்நிலையம் 1950-களின் கடைசியில் வந்ததிலிருந்து, குழாய்களில் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறதோ அவ்வளவுதான் ஆறு. அணையில் திறப்பைக் குறைத்தால் முந்தாநாள் இடுப்பளவு ஓடிய இடத்தில் இன்று கணுக்கால் நனையாது. மீன் குட்டைகளில் ஒதுங்கும். அப்படி ஒதுங்கும் நேரம் பார்த்து பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்கள். தூண்டிலுக்கும் பறிக்கும் சிக்காமல் மிச்சமிருக்கும் குஞ்சும் முட்டையும் அதில் போய்விடும். இந்த வழக்கத்தைச் சாமர்த்தியம் என்று சிரித்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

உலக அளவில் அயிரை அழிந்துகொண்டிருக்கும் இனம் இல்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பல ஆறுகளில் இன்னும் இருக்கிறது. கூடலூருக்கு வரும் அயிரையும் எங்கோ ஒரு கண்மாயில், ஓர் ஓடையில் பிடிபட்டதுதான். பிளாஸ்டிக் டிரம்மில் காற்றுக்குழாய் போட்டு வண்டியேறி வருகிறது. மதுரைச் சாப்பாட்டுக் கடைகளில் அயிரை மீன் குழம்புக்கு இருக்கும் பெயர் அதன் விலையை ஏற்றிவிட்டது. விலை ஏறியதால் எங்கே கிடைத்தாலும் கடைசி மீன் வரை துடைத்து எடுக்கிறார்கள். மணல் மிச்சமிருக்கும் இடத்திலும் மீன் நிலைக்க முடியாமல் போவது இதனால்தான்.

ஆனாலும் எங்கள் பக்கம் அது அடியோடு போய்விடவில்லை. மலையடிவாரத்தில், சாக்கடை கலப்பதற்கு முந்திய ஓடைகளில், தெளிந்த தண்ணீர் மணல்மேல் மெல்ல ஓடும் இடங்களில் குனிந்து நின்று பார்த்தால் தெரியும். முதலில் மணல் மட்டுமே தெரியும். கண் பழகிய பிறகு மணலில் ஒரு பகுதி நகரும். அந்தச் சில ஓடைகள் இருக்கும் வரை இந்த ஆற்றுக்கு அயிரை திரும்பி வர வழி உண்டு.

ஆகையால் சில வேண்டுகோள்கள். வாய்க்காலைச் சீரமைக்கும் பொறியாளர்களே, கரைக்குச் சிமெண்ட் போடுங்கள், முடிந்த இடத்தில் தரையை மண்ணாக விடுங்கள். குளம் குத்தகைக்கு எடுப்பவர்களே, புண்ணாக்கை உங்கள் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குருணை மருந்து தூவும் விவசாயிகளே, தூவிய வயலின் தண்ணீரை உடனே வாய்க்காலில் வடிக்காதீர்கள். ஆற்றில் விஷம் கலந்து மீன் பிடிப்பதும் வெடி வைத்துப் பிடிப்பதும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படி குற்றம். பெரியாறு அணை திறந்து இரண்டே ஆண்டுகளில் வந்த சட்டம், இன்னும் நடப்பில் இருக்கிறது. மின்சாரம் பாய்ச்சுபவர்களைக் கண்டாலும் ஊர் சும்மா இருக்க வேண்டாம், மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூடலூர் முதல் வீரபாண்டி வரை ஆற்றில் மிச்சமிருக்கும் மணலை அங்கேயே விட்டுவையுங்கள்.